பழைய பிக்கப்புக்குப் புது வண்டியின் பாகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய டாட்சன், பழைய ஹைலக்ஸ் என்று ஏதாவது ஒரு பிக்கப்பை வைத்திருப்பவர்களும் வாங்கப் பார்ப்பவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது டாட்சன் 1200 பிக்கப், அதாவது பி120, ஜப்பானில் சன்னி டிரக் என்று விற்ற அதே வண்டி. உதாரணங்கள் அதிலிருந்துதான் அதிகம் வரும், ஆனால் வேலையைச் செய்யும் வரிசை எந்தப் பழைய பிக்கப்புக்கும் ஒன்றுதான். டோனர் என்று நான் எழுதுவது, பாகங்களைக் கழற்றுவதற்கென்றே வாங்கும் இன்னொரு வண்டியை. என் கருத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: வண்டி முதலில் ஒழுங்காக நிற்கட்டும், அப்புறம் வேகமாக ஓடட்டும்.

சிங்கப்பூரில் பழைய பிக்கப்பை ஓட்டவே முடியுமா?

வேலைக்கு ஓட்டும் வண்டியாக முடியாது. சரக்கு வாகனத்துக்கு இங்கே 20 ஆண்டுதான் ஆயுள். சிஓஇ எனப்படும் வண்டி உரிமைச் சான்றிதழின் முதல் பத்தாண்டு முடிந்ததும், மூன்று மாதச் சராசரி பிரீமியத்தைக் கட்டி ஐந்து அல்லது பத்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம், ஆனால் 20 நிறைந்ததும் பதிவை நீக்கியே ஆக வேண்டும், எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. குறைந்தது 35 வயதான வண்டிகளுக்கென்று கிளாசிக் வாகனத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதில் சேர்ந்தால் சாலை வரி குறைவு, ஆனால் ஆண்டுக்கு 45 நாள்தான் ஓட்டலாம், தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் வண்டி அதில் சேருமா என்று காசு கொடுப்பதற்கு முன்பே நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவர் வாயால் சொன்னதை நம்பி வாங்காதீர்கள்.

இன்னொரு வழி நம்மில் பலர் செய்வதுதான். வண்டி ஜோகூரில் அண்ணன் வீட்டிலோ மாமா வீட்டிலோ அவர்கள் பெயரில் நிற்கும், சனி ஞாயிறு நாம் கடற்பாலத்தைத் தாண்டிப் போய் வேலை பார்ப்போம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் மலேசியாவில் பதிந்த வண்டியை, சிங்கப்பூர்க் குடிமக்களோ நிரந்தரவாசிகளோ சிங்கப்பூருக்குள் ஓட்டக் கூடாது. தீபாவளிக்குத் தேக்கா வரை ஒரு ரவுண்டு என்றாலும் கூடாது.

பாகங்களை மாற்ற யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா?

சில மாற்றங்களுக்கு வேண்டாம், சிலவற்றுக்கு வேண்டும், சிலவற்றை எப்படிக் கேட்டாலும் தர மாட்டார்கள். இங்கே பதிந்த வண்டி என்றால், டயரும் ரிம்மும் மட்கார்டுக்கு வெளியே துருத்தாதவரை தனி ஒப்புதல் தேவையில்லை. எஞ்சினை மாற்றினாலும் புகைக்குழாய் அமைப்பை மாற்றினாலும் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். எஞ்சினுக்குக் கூடுதல் வேகம் தர ஊட்டும் நைட்ரஸ் வாயு, முன்னால் இரும்பு புல் பார் இரண்டும் கிடையவே கிடையாது. சட்டவிரோத மாற்றத்துக்கு முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விழலாம். பத்து வயதைத் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேறு இருக்கிறது, அங்கே கண்டுபிடிக்காமல் விட மாட்டார்கள்.

ஜோகூரில் நிற்கும் வண்டி என்றால் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் ஒப்புதல், வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பகோமில் பரிசோதனை, அப்புறம் கெரான் எனும் வண்டிப் பதிவுப் பத்திரத்தில் புது எஞ்சின் எண் ஏற வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சினை வாங்கினால், கே1 எனப்படும் சுங்கப் பத்திரத்தின் நகலைக் கடைக்காரரிடம் அப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது.

எஞ்சின் எண்ணையும் காசு கொடுப்பதற்கு முன்பே படித்துவிட வேண்டும். பிளாக்கில் எண் பொறித்த இடம் எப்போதும் கிரீஸும் துருவுமாகத்தான் இருக்கும். கம்பி பிரஷால் மெதுவாகத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காய்ந்ததும் ஒரு சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேயுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கி, எழுத்துகள் எழுந்து நிற்கும். போட்டோ எடுத்து, பத்திரத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். கிரைண்டர் பட்ட தடம் தெரிந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

முழு டோனர் வண்டி வாங்குவதா, தேவையான பாகங்களை மட்டும் தனித்தனியாக வாங்குவதா?

இடம் இருந்தால் முழு வண்டி, இல்லையென்றால் ஹாஃப்கட், அதாவது வெட்டிய முன்பாதி மட்டும். தனித்தனியாக வாங்குவது மலிவாகத் தெரியும், ஆனால் வேலையை நிறுத்துவது பெரிய பாகங்கள் இல்லை. கிளட்ச் கேபிளைப் பிடிக்கும் சின்னத் தகடு, ஆக்சிலரேட்டர் கேபிளின் முனை, வயரிங் பிளக்கின் மறுபாதி, இரண்டு அங்குல நீளமுள்ள வளைந்த ரப்பர் ஹோஸ் மாதிரி பொடிப் பொருள்கள்தான் நிறுத்தும். முழு டோனர் பக்கத்தில் நின்றால், போய்க் கழற்றிக்கொண்டு வரலாம். ஒரு கடையில் எஞ்சின், இன்னொரு கடையில் கியர் பாக்ஸ், மூன்றாவது இடத்தில் வயரிங் என்று சேர்த்தால், எது எந்த வருட மாடல் என்ற கணக்கே தப்பிவிடும்.

கழற்றுவதற்கு முன் டோனரை ஸ்டார்ட் செய்து பாருங்கள், கொஞ்ச தூரம் ஓட்ட முடிந்தால் ஓட்டியும் பாருங்கள். ஓடின எஞ்சினைக் கழற்றி மாட்டினால், பிறகு வரும் கோளாறு மாட்டிய விதத்தில்தான் இருக்கும் என்று தெரியும். தரையில் கிடந்த எஞ்சினை மாட்டினால் கோளாறு எஞ்சினிலா வயரிங்கிலா என்று தெரியாமல் இரண்டையும் நோண்ட வேண்டியிருக்கும்.

டோனர் எங்கே கிடைக்கும்?

சிங்கப்பூரில் சிஓஇ முறையால் பத்து வயதிலேயே நல்ல வண்டிகள் பதிவிலிருந்து போகின்றன. பதிவு நீங்கிய வண்டியை ஒரு மாதத்துக்குள் ஏற்றுமதி செய்ய வேண்டும் அல்லது அங்கீகரித்த பட்டறையில் உடைக்க வேண்டும், வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு கழற்ற முடியாது. ஆகவே பாகம் வேண்டுமென்றால் சுங்கை காடுட் பக்கம் உள்ள பழைய வண்டிக் கடைகளில் கேட்க வேண்டியதுதான். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், பிரேக்கை அழுத்த உதவும் பூஸ்டர், ஏசி சாமான் போன்றவை அப்படிக் கிடைக்கும்.

எஞ்சின், கியர் பாக்ஸ் என்றால் ஜோகூர் ஹாஃப்கட் கடைகள்தான். வண்டியின் முன்பாதியை அப்படியே வெட்டி இறக்கியிருப்பார்கள், எஞ்சினோடு வயரிங், டேஷ்போர்டு, பெடல் எல்லாம் அதிலேயே இருக்கும். டாட்சனுக்கு இந்தப் பக்கத்தில் வாங்க ஏற்றது நிசான் வேனட், 1985இல் வந்த சி22. பள்ளி வேன், காய்கறி வேன் என்று மலேசியாவில் எங்கு பார்த்தாலும் ஓடிய வண்டி அது. அதில் வரும் ஏ15 எஞ்சினும் உங்கள் டாட்சனில் இருக்கும் ஏ12 எஞ்சினும் ஒரே குடும்பம்.

பாகத்தைக் கையோடு சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தால் 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு என்பதை மறக்க வேண்டாம். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்கு 100 வெள்ளி வரைதான் விலக்கு, அதற்கு மேல் இருந்தவருக்கு 500 வெள்ளி. ரசீதை வைத்துக்கொண்டு நீங்களே போய்ச் சொல்லிக் கட்டிவிடுங்கள்.

சரி, டோனர் வந்துவிட்டது. எதில் தொடங்குவது?

பிரேக். எஞ்சின் மேல் கை வைக்க எல்லாருக்கும் ஆசை இருக்கும், ஆனால் முதலில் பிரேக்தான்.

பழைய டாட்சன் 1200இல் முன்னாலும் டிரம் பிரேக்தான். நம் ஊர் மழையில் நனைந்த டிரம்மை நம்பி ஒரு சிக்னலை நோக்கி இறங்கிப் பார்த்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சன்னி பி310, அதாவது 1977இல் வந்த பிந்தைய தலைமுறை சன்னி, முன்னால் டிஸ்க் பிரேக்கோடு வரும். அதில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்டிரட்டை முழுதாக, சக்கரம் மாட்டும் ஹப், பிரேக் பேட்டை அழுத்தும் காலிப்பர், டிஸ்க் எல்லாவற்றோடும் சேர்த்து எடுங்கள். வீல் போல்ட் அளவு இரண்டிலும் 4×114.3 (நாலு போல்ட், 114.3 மி.மீ. வட்டத்தில்), அதில் சிக்கல் இல்லை. பின்னால் வந்த முன்சக்கர இயக்கச் சன்னிகளில் 4×100 ஆகிவிட்டது, அந்த ஹப் வேண்டாம். பழைய 12 அங்குல ரிம்முக்குள் காலிப்பர் இடிக்கிறதா என்று வாங்கும் இடத்திலேயே ரிம்மை வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஸ்டியரிங் ஆர்ம் நீளம் இரண்டிலும் ஒன்றா என்று அளந்து பார்க்காமல் மாட்டக் கூடாது, அது மாறினால் திருப்பத்தில் வண்டி போகிற போக்கே மாறிவிடும்.

டிஸ்க்கை மாட்டிவிட்டு, பெடல் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்கு மாற்றும் பழைய மாஸ்டர் சிலிண்டரையே விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். இது ஆபத்து. டிரம்முக்கென்று செய்த மாஸ்டரில் பெடலை விட்ட பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்க ஒரு சின்ன வால்வு இருக்கும். டிரம்முக்குள் ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் உண்டு, அதனால் அந்த மிச்ச அழுத்தம் தொந்தரவு செய்யாது. டிஸ்க்கில் ஸ்பிரிங் கிடையாது, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும், சூடாகும், பத்து கிலோமீட்டரில் பிரேக் ஆயில் கொதித்துப் பெடல் தரை வரை போகும். சந்தேகம் இருந்தால் இப்படிப் பாருங்கள்: முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை நாலு தடவை அழுத்தி விட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கனமாகச் சுற்றினால் காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைக் கால் சுற்று திறங்கள். ஆயில் சட்டென்று பீறிட்டு, உடனே சக்கரம் லேசாகிவிட்டால் பெரும்பாலும் அந்த வால்வுதான் காரணம். டோனரின் மாஸ்டரையும் பூஸ்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பூஸ்டர் எதற்கு என்றும் கேட்பார்கள். டிரம் சுற்றும்போது ஷூவைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்த உதவி டிஸ்க்கில் இல்லை. கால் பலத்தை மட்டும் வைத்து டிஸ்க்கை அழுத்தினால் வண்டி நிற்கும், ஆனால் பிள்ளை குறுக்கே ஓடும் நேரத்தில் அந்த அழுத்தம் காலில் வராது. மாஸ்டரின் துளை அளவும் முக்கியம். துளை பெரிதானால் பெடல் கல் மாதிரி இருக்கும், சிறிதானால் ஆழமாக இறங்கும். இரண்டு பிரிவாக வேலை செய்யும் மாஸ்டராக இருக்கட்டும், ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் நிறுத்தும்.

அப்புறம் பின் சக்கரம். பிக்கப்பில் பின்னால் சுமை இல்லாதபோது எடையே இருக்காது, ஈரச் சாலையில் அழுத்தினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பும். சுமைக்குத் தகுந்தபடி பின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு பல பிக்கப்புகளில் வரும், அச்சோடு ஒரு கம்பியால் இணைந்திருக்கும். உங்கள் வண்டியில் அது இருந்தால் கழற்றி எறியாதீர்கள். பின்பக்கத்தைத் தாழ்த்தினாலோ உயர்த்தினாலோ அந்தக் கம்பியையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். வண்டி தாழ்ந்ததும் அது சுமை ஏறியதாக நினைத்துப் பின்னால் முழு அழுத்தத்தையும் அனுப்பும்.

பிரேக் பைப்பைப் புதிதாகவே போடுங்கள், டோனரின் துருப்பிடித்த பைப்பை வளைத்துப் பொருத்த வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் புழுக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

எஞ்சின் மாற்றத்துக்கு என்ன சொல்கிறீர்கள்?

பி120க்கு ஏ15தான் என் பதில். ஏ12 என்பது 73 மி.மீ. துளை, 70 மி.மீ. ஸ்ட்ரோக், 1,171 சிசி. ஏ15இல் துளை 76, ஸ்ட்ரோக் 82, கிட்டத்தட்ட 1,488 சிசி. சுமார் கால் பங்கு கொள்ளளவு கூடுகிறது, அதுவும் நீளமான ஸ்ட்ரோக் என்பதால் கீழ் வேகத்திலேயே இழுவை வரும். பிக்கப்புக்கு வேண்டியது அதுதான். இதற்காக எஞ்சின் அறையை வெட்ட வேண்டியதில்லை.

ஆனால் அப்படியே உள்ளே விழுந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். ஏ14, ஏ15 பிளாக் ஏ12ஐ விட சுமார் 15 மி.மீ. உயரம். புகைக்குழாய் கீழே சேரும் இடமும் ஏர் கிளீனருக்கும் பானட்டுக்கும் உள்ள இடைவெளியும் மாறும். வேனட்டில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே உட்காரும் என்பதால் அதன் மவுண்டும் அடியில் ஆயில் தேங்கும் சம்பும் பிக்கப்புக்கு ஒத்துவராமல் போகலாம். சம்பை மாற்றினால் உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும், குழாயின் வாய் சம்பின் அடியிலிருந்து சரியான உயரத்தில் இல்லையென்றால் எஞ்சின் ஆயில் இல்லாமல் ஓடும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் எல்லா ஏ எஞ்சினிலும் ஒன்றல்ல. கார்புரேட்டர், மேனிஃபோல்டு, டிஸ்ட்ரிபியூட்டர் மூன்றையும் ஏ15ஓடு வந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள், ஏ12இன் சின்ன கார்புரேட்டரைப் போட்டு அதை மூச்சுத் திணற வைக்க வேண்டாம்.

எஞ்சின் வெளியே இருக்கும்போதே கிளட்ச், பின் கிராங்க் சீல், வாட்டர் பம்ப், டைமிங் செயின், பிளாக்கின் பக்கத்தில் தண்ணீர் வழியை அடைக்கும் மூடித்தகடுகள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உள்ளே போன பிறகு இதே வேலைக்கு மூன்று மடங்கு நேரம் போகும்.

ஈயமில்லாத பெட்ரோல் பழைய எஞ்சினுக்கு ஆகுமா என்று கவலைப்படுபவர்கள் உண்டு. ஏ எஞ்சினின் ஹெட் அலுமினியம், வால்வு உட்காரும் இடத்தில் தனி இரும்பு வளையம் பதித்திருக்கும். கவலை வேண்டாம்.

எஸ்ஆர்20 என்ற நிசான் டர்போ எஞ்சினைப் போடலாமா?

போடுபவர்கள் இருக்கிறார்கள், ஜோகூரில் அந்த எஞ்சின் வரும் நிசான் சில்வியா காரின் ஹாஃப்கட் கிடைத்துக்கொண்டும் இருந்தது. நான் வேண்டாம் என்பேன். 500 கிலோ சுமைக்கென்று செய்த மெல்லிய பிக்கப் அது. எஸ்ஆர்20டிஇடி போட்டால் கியர் பாக்ஸ், பின் அச்சு, பிரேக், ரேடியேட்டர், பெட்ரோல் டாங்க் எல்லாம் மாற வேண்டும், கடைசியில் டாட்சனில் மிஞ்சுவது கேபினும் நம்பர் பிளேட்டும்தான். ஒப்புதல் கிடைப்பதும் கஷ்டம்.

இன்ஜெக்‌ஷன் எஞ்சின்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், எஞ்சினோடு இசியு எனும் கம்ப்யூட்டர், முழு வயரிங், எல்லா சென்சார், ஏர் ஃப்ளோ மீட்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரட்டும். சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆகாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள வண்டி என்றால் சாவியும் சாவித் துளையைச் சுற்றியுள்ள வளையமும் சேர்ந்தே வர வேண்டும், சாவி இல்லாத இசியுவால் எந்தப் பயனும் இல்லை. பழைய டாங்கில் உள்தடுப்பு போதாது, திருப்பத்தில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை இழுக்கும். அதற்குத் தனியாக ஒரு சின்ன டாங்க் இடையில் வைக்க வேண்டும்.

கியர் பாக்ஸ், பின் அச்சு?

பி310 சன்னியின் ஐந்து கியர் பாக்ஸ் ஏ எஞ்சினுக்குச் சேரும். பின் மவுண்ட், கியர் பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம், லிவர் வரும் துளை மூன்றையும் பார்க்க வேண்டும். ஷாஃப்டை வெட்டினால் பேலன்ஸ் செய்யாமல் மாட்டாதீர்கள். பி310இன் பின் அச்சு காயில் ஸ்பிரிங்குக்கு உரியது, பிக்கப் லீஃப் ஸ்பிரிங்கில் நிற்பது, ஆகவே வெல்டிங் இல்லாமல் பொருந்தாது. பழைய அச்சு சத்தம் போடாவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

வயரிங்கில் கை வைக்கப் பயமாக இருக்கிறது. டோனரிலிருந்து எதை எடுப்பது?

பயப்படுவதில் தவறில்லை, பழைய வண்டி தீப்பிடிப்பது பெரும்பாலும் இங்கிருந்துதான். முழு ஹார்னஸையும், அதாவது மொத்த வயர்க் கட்டையும், மாற்ற வேண்டியதில்லை. மூன்று விஷயம் போதும்.

முதலாவது ஆல்டர்னேட்டர். பழைய டாட்சனில் ரெகுலேட்டர் தனிப் பெட்டியாக மட்கார்டின் உள்பக்கம் இருக்கும், பின்னால் வந்தவற்றில் ஆல்டர்னேட்டருக்குள்ளேயே வந்துவிட்டது. அதை மாட்டினால் பழைய பெட்டியின் பிளக்கில் உள்ள வயர்களை மறுபடி இணைக்க வேண்டும். சார்ஜ் விளக்கின் வயரை விட்டுவிடக் கூடாது, அந்த விளக்கு வழியாக வரும் சின்ன மின்சாரத்தால்தான் ஆல்டர்னேட்டர் விழிக்கிறது. பல்பு போனால் சார்ஜும் சரியாக ஏறாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட் ஹெட்லைட் இரண்டு என்றாலே 10 ஆம்பியர். ஏசி மின்விசிறி, உள் புளோவர், மழையில் வைப்பர் என்று சேர்த்தால் பழைய ஆல்டர்னேட்டரின் மூச்சு முட்டும். பெரியதை மாட்டினால் அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் வயரும் பெரிதாக வேண்டும், பேட்டரி பக்கத்தில் ஃபியூஸோடு. பழைய மெல்லிய வயரில் 60 ஆம்பியர் ஓடினால் உறை உருகும். மாட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பின்முனையிலும் மறுமுனையைப் பேட்டரி பாசிடிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ இணைப்பு சரியில்லை.

இரண்டாவது, ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் தனி ஸ்விட்ச். பழைய வண்டிகளில் விளக்கின் முழு மின்சாரமும் ஸ்விட்ச் வழியாகவே போகும், ஸ்விட்ச் சூடாவதை விரலாலேயே உணரலாம். டோனரின் ரிலேப் பெட்டியை பிளக்கோடு வெட்டி எடுத்துப் பயன்படுத்துங்கள். வெளிச்சம் கூடுவதை அன்றிரவே பார்ப்பீர்கள்.

மூன்றாவது பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டர். பிற்கால ஏ எஞ்சின்களில் வந்தது. அதற்குரிய காயிலையும் சேர்த்து எடுங்கள், பழைய காயிலுக்கு முன்னால் இருந்த ரெசிஸ்டரை விலக்க வேண்டியிருக்கும். பாயிண்ட் இடைவெளி பார்க்கும் வேலை அத்தோடு தீர்ந்தது.

எந்த இணைப்பையும் முறுக்கி டேப் சுற்றி விடாதீர்கள். ஒழுங்காகக் கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, எந்த நிற வயர் எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள்.

ஏசி வைக்க முடியுமா? வெயிலில் வேகிறது.

முடியும். பழைய ஏசி இருந்தால் அது ஆர்12 கேஸுக்குச் செய்தது, இப்போது அந்த கேஸ் கிடையாது. ஆர்134ஏ கேஸுக்கு மாறினால் கம்ப்ரசர் ஆயில், ஓ ரிங், டிரையர், ஹோஸ் எல்லாம் அதற்குரியதாக மாற வேண்டும், கேஸை மட்டும் மாற்றி ஊற்றினால் சில வாரத்தில் ஒழுகும். டோனரிலிருந்து சின்ன கம்ப்ரசரும் புது வகைத் தட்டைக் குழாய் கண்டென்சரும் எடுங்கள். ஏ12இல் ஏசி போட்டால் சிக்னலில் எஞ்சின் குலுங்கும், ஐடில் ஏற்றிக் கொடுக்கும் வால்வு கட்டாயம். ரேடியேட்டரும் பெரிதாக வேண்டும். ஆல்டர்னேட்டர் வேலையை முடிக்காமல் இதைத் தொடாதீர்கள்.

என்னிடம் இருப்பது பழைய டீசல் ஹைலக்ஸ். எனக்கு எது டோனர்?

அப்பா, உங்கள் வேலை சுலபம். டொயோட்டாவின் எல் குடும்பம்: எல் 2,188 சிசி, 2எல் 2,446, 3எல் 2,779, 5எல் 2,986. கியர் பாக்ஸோடு சேரும் முகம் இந்தக் குடும்பத்தில் பொதுவானது, ஹையேஸ் வேனிலிருந்து 5எல் எடுத்துப் பழைய ஹைலக்ஸில் வைப்பார்கள். சம்ப், மவுண்ட், பக்கத்துச் சாமான்கள் உங்கள் பழைய எஞ்சினிலிருந்து மாறி வரும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள 5எல் ஆகப் பாருங்கள், 5எல்-இ என்றிருந்தால் கம்ப்யூட்டரும் கூடவே வேண்டும். மாட்டுவதற்கு முன் டைமிங் பெல்ட்டை மாற்றிவிடுங்கள், அது எப்போது மாற்றியது என்று எந்தக் கடைக்காரராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் இதைச் செய்யலாமா?

செய்யாதீர்கள். ஆயில் தரையில் சிந்தும், பக்கத்து வீட்டார் புகார் கொடுப்பார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயமும் இருக்கும். பட்டறையில் ஒரு மூலை வாடகைக்குப் பேசுங்கள், அல்லது ஜோகூர் வீட்டு வாசல்.

எவ்வளவு செலவாகும்?

எஞ்சின் விலையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், பெரும்பாலான திட்டங்களில் அது சின்னப் பகுதிதான். ரப்பர், ஹோஸ், சீல், பேரிங், பிரேக் பைப், ஷாஃப்ட் வேலை, பரிசோதனைக் கட்டணம், எல்லாவற்றுக்கும் மேல் கூலி. சிங்கப்பூரில் பட்டறை வாடகையே அதிகம், மணிக்கணக்கில் கூலி ஏறும். என் யோசனை, பணத்தை மூன்று கட்டமாகப் பிரியுங்கள்: பிரேக், வயரிங், எஞ்சின். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் வண்டி ஓடும் நிலையில் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்ட வண்டிகளைத்தான் பாதி வேலையில் விற்பனைக்குப் பார்க்கிறோம், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

காப்புறுதிக்குச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம், எழுத்தில். சொல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

கழற்றிய பழைய பாகங்களை விற்றுவிடலாமா?

ஏ12 எஞ்சினை விற்காதீர்கள். எண் பொருந்திய பழைய எஞ்சின் வண்டியோடு இருந்தால், நாளைக்கு வாங்குபவருக்கோ உங்கள் பிள்ளைக்கோ வண்டியைப் பழையபடி ஆக்க வழி இருக்கும். பிளக் துளையில் ஆயில் விட்டு, எல்லா வாயையும் அடைத்து, பிளாஸ்டிக் சுற்றி, தரையில் படாமல் பலகை மேல் வையுங்கள். டிரம், ஸ்டிரட், பழைய ரெகுலேட்டர் எல்லாவற்றிலும் சீட்டு எழுதிக் கட்டுங்கள். இதனால்தான் நான் பாடியை வெட்டும் மாற்றங்களைவிட போல்ட்டில் மாட்டும் மாற்றங்களையே எல்லாரிடமும் சொல்கிறேன்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்கைக் கழற்றி, ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். அப்புறம் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தபடியே காற்றுக் குமிழி நிற்கும் வரை ஓடவிடுங்கள். பிரேக்கை வாசலிலேயே மெதுவாக உருட்டிப் பத்துத் தடவை பாருங்கள், பெடல் ஒவ்வொரு தடவையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். சாலைக்கு வந்ததும் புது பிரேக் பேட்களைப் பழக்க, நடுத்தர வேகத்திலிருந்து மிதமாகப் பல தடவை குறைத்து, நடுவில் ஆறவிட்டு ஓட்டுங்கள், முழுதாக நிறுத்திச் சூட்டோடு அழுத்திக்கொண்டு நிற்காதீர்கள்.

முதல் நூறு கிலோமீட்டர் முடிந்ததும் வீல் நட், ஸ்டிரட் போல்ட், எஞ்சின் மவுண்ட், ஷாஃப்ட் போல்ட் அத்தனையையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி முறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு பிரேக் இணைப்பையும் வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். துளி ஈரம் தெரிந்தாலும் அந்த இணைப்பைக் கழற்றி மறுபடி போடும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்.